விலாசம் கிடைத்த பாக்கியலெட்சுமி

தபால் கந்தோரில் விலாசம் பிழைத்த கடிதங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் நவரத்தினத்தார். நாடு முழுவதிலுமிருந்து வழிதவறி வரும் கடிதங்களை முகர்ந்து பார்த்தே எந்த ஊருக்குப் போகவேண்டியவை என்று சொல்லிவிடுவார் என்றொரு பேச்சு இருந்தது. பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான். ‘மாமாவுக்கு, மட்டக்களப்பு’ என்று மாத்திரம் எழுதியிருந்த ஒரு கடிதத்தைச் சரியான மாமாவின் கையிலேயே சேர்ப்பித்ததாகவும், அந்த மாமா அழுத அழுகையில் கடிதம் ஊறி வாசிக்க முடியாமல் போனதாகவும் சொல்லுவார். ஓய்வுபெற்று வெள்ளவத்தையில் வந்து குந்திய பிறகும் அவருக்கு உலகத்தில் இரண்டே சாதி. விலாசம் உள்ளவர்கள் ஒரு சாதி, இல்லாதவர்கள் மறு சாதி.

அவருடைய ஒழுங்கையில் பாதிச் சனம் கனடாவிலும் லண்டனிலும் இருந்தது. பிளாட்டை வாங்கி, சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, சாமிப் படங்களைக் கிழக்குப் பார்த்து மாட்டி, பூட்டிவிட்டுப் பிளேன் ஏறியவர்கள். ஆனால் சாமி இருட்டில் இருக்கக்கூடாதே. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை யாராவது போய் விளக்கு வைக்கவேண்டும். ஓய்வூதியக்காரரை விட்டால் இந்த வேலைக்கு வேறு யார்? அத்தனை வீட்டுச் சாவிகளும் சேர்ந்து நவரத்தினத்தாரின் இடுப்பில் தொங்கிய திறப்புக் கோர்வையின் பாரத்தில் மனுசன் ஒரு பக்கம் சரிந்துதான் நடப்பார். காலி வீதியில் அவர் திரும்பும்போதே அந்தக் கிலுக்கம் தெஹிவளைக்குக் கேட்கும் என்பது அவரே சொன்ன கணக்கு.

வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்த காலம் அது. ஊர் இழந்து வந்தவர்கள் கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் ஒரு அறைக்கு ஒரு கிராமம் என்று கிடந்தார்கள். லொட்ஜுக்கும் வழியில்லாதவர்கள் கோவில் வாசலில், ரயில் நிலையத்தில், மூடிய கடைகளின் முன்னால் படுத்தார்கள். சோறு போட மூன்று இடம் இருந்தது. வெள்ளவத்தைக் கோவிலின் அன்னதான சபை நவரத்தினத்தாருடையது. கொட்டாஞ்சேனை சேர்ச்சின் பின்பக்கத்துக் குசினியை ஐறீன் என்ற விதவை நடத்தினாள். தெமட்டகொடைப் பள்ளிவாசலில் கஞ்சிக் கமிட்டி. ஒரு இடத்துக்கு மற்ற இடத்தின் சங்கதி தெரியாது. ஒருவர் காலையில் கஞ்சி, மத்தியானம் சோறு, பின்னேரம் புக்கை என்று கொழும்பையே சாப்பிட்டு முடிக்க, இன்னொருவர் மூன்று இடத்துக்கும் நடுவில் பட்டினி கிடந்தார்.

இதற்கு வழி கண்டவர் கஞ்சிக் கமிட்டியிலிருந்த அலவி. தெமட்டகொடையில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தவர். மூன்று இடத்துக்கும் பொதுவாக ஒரே பட்டியலைக் கொம்பியூட்டரில் போட்டார். ஆளுக்கு ஒரு வரி. பெயர், கடைசியாகக் கண்ட இடம், கொடுத்த உதவி. படுக்க இடமில்லாதவரின் வரி சிவப்பு. இடம் கிடைத்துவிட்டால் பச்சை. ஒரு சிவப்பு ஆளை இரண்டு நாளைக்கு ஒரு இடத்திலும் காணாவிட்டால் மூன்று இடமும் தேடவேண்டும் என்பது சட்டம். பச்சையானவரைத் தேடத் தேவையில்லை, அவர்தான் வீட்டில் இருக்கிறாரே.

பட்டியல் நன்றாகத்தான் வேலை செய்தது. கோட்டை ரயில் நிலையத்தில் கிடந்த வாய்பேசாத கிழவர் ஒருவரின் தங்கச்சி முகத்துவாரத்தில் இருப்பது அதனால்தான் தெரியவந்தது. மூன்று நாட்டுப் பொலிசாலும் முடியாத காரியம் என்று நவரத்தினத்தார் அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவர் வாயில் அந்தக் கிழவர் தங்கச்சியைக் கண்டதும் பேசவும் தொடங்கிவிட்டார்.

பாக்கியலெட்சுமி சிவப்பு வரியாகத்தான் வந்தாள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கலவரத்துக்குப் பயந்து சிறுபிள்ளையில் வவுனியாவுக்குப் போய், அங்கே ஷெல்லுக்குப் பயந்து கொழும்புக்கு வந்தவள். கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் சட்டி கழுவினாள். அவள் இருந்த லொட்ஜைப் பொலிஸ் மூடிய பிறகு அங்கேயே ஒரு கோவிலின் பின் விறாந்தையில் படுத்தாள். ஐறீனின் குசினியில் நவரத்தினத்தார் அவளை விசாரித்தபோது, சாப்பாடு வேண்டாம், அது கடையில் கிடைக்கிறது என்றாள். உடுப்புக்கும் தலையாட்டவில்லை.

“ஒரு கதவு வேணுங்க,” என்றாள். “உள்ளுக்க தாப்பா போட்டுட்டுப் படுக்கணும். வேற ஒண்ணும் இல்லீங்க.”

விறாந்தையில் யார் யார் வந்து போகிறார்கள் என்று அவள் சொல்லவில்லை. ஐறீன் சட்டியைத் துடைத்தபடி நவரத்தினத்தாரை ஒரு பார்வை பார்த்தாள். அது போதும்.

இடுப்புக் கோர்வையில் கதவுக்குக் குறைவில்லை. எல்லாவற்றிலும் பெரிய கதவு மச்சாள் முறையான அருந்ததியுடையது. ரொறன்ரோவில் இருப்பவள். இரண்டாம் மாடி, கடல் தெரியும் பிளாட். நவரத்தினத்தார் அன்றைக்கே போன் எடுத்தார். முதலில் வீட்டுக்கு ஆள் புழக்கம் இல்லாவிட்டால் கறையான் பிடிக்கும் என்றார். பிறகு கடற்காற்றுக்குச் சுவர் உப்பி, வெடித்து, கட்டடமே ரயில் தண்டவாளத்தில் விழப்போகிறது என்றார். அருந்ததி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அத்தான், எங்கட ஆக்களோ?”

தோட்டத்துப் பிள்ளை என்று சொல்ல வாய் வராமல் நவரத்தினத்தார் இருமினார்.

“அப்ப வேண்டாம். சாமி இருக்கிற வீடு. நீங்கள் விளக்கை மட்டும் வையுங்கோ.”

இன்னொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் திறந்து கொடுத்திருப்பார். நவரத்தினத்தார் இரண்டும் செய்யவில்லை. வீட்டைக் கொடுக்க முடியாவிட்டால் என்ன, விலாசத்தைக் கொடுக்கலாமே என்று அவருக்கு ஓடியது. அந்த நாளில் கொழும்பில் தமிழ்ச்சனம் எந்த வீட்டில் படுக்கிறதோ அந்த வீட்டுக்காரர் பொலிசில் பதிந்து, முத்திரை குத்திய தாள் வாங்கவேண்டும். தாள் இல்லாமல் சுற்றிவளைப்பில் அகப்பட்டால் உள்ளே. பாதிச்சனத்துக்கு வீட்டைவிடத் தாள்தான் பெரிது. நவரத்தினத்தார் வீட்டுக்காரியின் பிரதிநிதியாகப் போய், பாக்கியலெட்சுமி அருந்ததியின் பிளாட்டில் வசிப்பதாகப் பதிந்தார். பொலிஸ்கார ராளாமி முத்திரை குத்திய சத்தம் தன் காதுக்குக் கோவில் மணிபோல இருந்ததாம். அங்கிருந்து நேரே தெமட்டகொடைக்குப் போய், அலவியின் தோளுக்குப் பின்னால் நின்று அவளுடைய வரியைப் பச்சையாக்குவித்தார்.

“ஆள் உள்ளுக்குப் போயிட்டாங்களா அங்கிள்?” என்று அலவி கேட்டார்.

“விலாசம் குடுத்தாச்சு,” என்றார் நவரத்தினத்தார். தபால்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பாக்கியலெட்சுமி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கையை நீட்டியபடியே நின்றாள்.

“சாவிங்க?”

“அது பிறகு பாப்பம்.”

“வெளக்கு நானே ஏத்துறேன் ஐயா. நித்தமும் ஏத்துறேன். எண்ணெய்கூட நானே வாங்கிக்கிறேன்.”

வீட்டுக்காரியைக் கேட்கவேண்டும், கொஞ்சம் பொறு, இந்தத் தாள் இருந்தால் ஜனாதிபதியே வந்தாலும் உன்னைத் தொட முடியாது என்றெல்லாம் சொல்லி அவளை அனுப்பிவைத்தார். அவள் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு விறாந்தைக்கே திரும்பிப் போனாள்.

ருசி பிடித்துவிட்டது. கோர்வையிலிருந்த மற்றத் திறப்புகளுக்கும் ஆள் பதிந்தார். அலவியின் பட்டியலில் ஒவ்வொரு சிவப்பாகப் பச்சையானது. அழகுமுத்து என்ற மூட்டைதூக்கிக்கு ஒரு டொக்டரின் பிளாட். வவுனியாப் புருஷன் பெண்சாதிக்கு ஏ.சி. பூட்டிய பிளாட். ஒரு மாதத்துக்குள் வெள்ளவத்தையின் பூட்டிய வீடுகளில் ஒரு ஊரே குடியிருந்தது. அடுப்புப் புகையாத, பிள்ளை அழாத, தண்ணீர்க் கட்டணம் வராத ஊர். வீடில்லாதவர் தொகை படியிறங்குகிறது என்று அலவி கோடு கீறிக் காட்டினார். அந்தக் கோட்டைக் கண்டு நவரத்தினத்தாருக்கு நெஞ்சு பூரித்து, சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தே போய்விட்டது.

விலாசம் கிடைத்தவர்கள் படுத்ததென்னவோ பழைய இடங்களில்தான்.

ஐறீனுக்கு முதலில் இது பிடிபடவில்லை. பச்சையானவர்களுக்கு வீட்டில் அடுப்பு இருக்கும் என்று அவளுடைய குசினி ஆட்கள் அவர்களுக்குப் பார்சல் கட்டுவதை நிறுத்தினார்கள். பாக்கியலெட்சுமி வாய் திறந்து கேட்கிற ஆளில்லை. காய்ச்சல் கண்டு ஒரு கிழமை சட்டி கழுவப் போகாமல் கிடந்ததில் கடைக்காரன் வேறு ஆளை எடுத்துவிட்டான். சிவப்பாக இருந்திருந்தால் இரண்டாம் நாளே மூன்று இடமும் தேடியிருக்கும். பச்சை. ஒருவரும் தேடவில்லை.

பிறகு சுற்றிவளைப்புகள் தொடங்கின. கோவில் விறாந்தைக்கு வந்த ராளாமி அவளுடைய தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தான். வெள்ளவத்தையில் மாடிவீடு இருக்கிறவளுக்குக் கொட்டாஞ்சேனைக் கோவில் தரையில் என்ன வேலை என்று கேட்டான். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்ததாம். நாளைக்கும் இங்கே கண்டால் ஜீப்பில் ஏற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நவரத்தினத்தார் தந்த தாள், அவளுக்கிருந்த ஒரே இடத்திலிருந்தும் அவளை எழுப்பியது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு, தாளில் எழுதியிருந்த வீட்டைத் தேடி வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினாள்.

அன்று வெள்ளிக்கிழமை. நவரத்தினத்தார் காலையிலேயே அருந்ததியின் விளக்கை ஏற்றிவிட்டு, கதவைப் பூட்டி, கழுவிய வேட்டியில் தெமட்டகொடைக்குப் போயிருந்தார். வெளிநாட்டிலிருந்து உதவி கொடுக்கிற நிறுவனமொன்றின் ஆட்கள் பட்டியலைப் பார்க்க வந்திருந்தார்கள். அலவியின் கடைக்குப் பின்னால் கட்டில்விரிப்பைச் சுவரில் கட்டி, கொம்பியூட்டர் படத்தை அதில் விழுத்தியிருந்தார்கள். சிவப்புக் கோடு மலை உச்சியிலிருந்து கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இந்த வேகத்தில் போனால் அடுத்த மாதம் வீடில்லாதவரை இறக்குமதி செய்யவேண்டி வரும் என்று நவரத்தினத்தார் பகிடி விட்டார். யாரோ அதை மொழிபெயர்த்தார்கள். வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் அவருடைய போன் அடித்தது.

அருந்ததிக்கு எதிர்வாசலில் இருக்கும் சரோஜினிதேவி. அருந்ததியின் கதவடியில் ஒரு மனுசி பையோடு வந்து குந்தியிருக்கிறாள் என்றாள். கதவைத் தட்டுகிறாளாம். உள்ளே விளக்கெரிவது கதவுக்குக் கீழால் தெரிகிறது, ஆள் இருக்குது என்று சொல்லித் திரும்பவும் திரும்பவும் தட்டுகிறாளாம். தன்னுடைய வீடு என்று ஏதோ தாளைக் காட்டுகிறாளாம். இந்தக் குண்டு வெடிக்கிற காலத்தில் அந்தப் பைக்குள் என்ன இருக்கோ.

“நவரத்தினம் அண்ணை, உங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ?”

ஓம் என்றால் சரோஜினிதேவிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தது ரொறன்ரோவுக்குத் தெரியும். பதிந்தது எல்லாம் பொய் என்று பொலிசுக்கும் தெரியவரும். கட்டில்விரிப்பில் கோடு இறங்கிக்கொண்டிருந்தது, வெளிநாட்டுக்காரர்கள் இவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கை முழுக்க ஒன்றை ஒன்பதாகச் சொன்ன மனுசன் அப்போது ஒரே ஒரு சொல்தான் சொன்னார்.

“தெரியாது.”

மிச்சத்தைச் சரோஜினிதேவிதான் பிறகு சொன்னாள். அவளுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, பயம்தான். பொலிசுக்குப் போன் எடுத்தாள். வந்த ராளாமி தாளை வாசித்தான், கதவிலக்கத்தைப் பார்த்தான். இரண்டும் சரி. அவன் மரியாதையாகத்தான் பேசினானாம்.

“ஓயாகே கெதர நங் அரின்ன,” என்றான். உன்னுடைய வீடென்றால் திற.

பாக்கியலெட்சுமி கதவைப் பார்த்தாள். ரயில் போனது. கட்டடம் அதிர, கதவுக்குக் கீழால் தெரிந்த வெளிச்சமும் அசைந்தது. உள்ளே ஒளிந்திருக்கிறவன் யார் என்று ராளாமி கேட்டான். ஒருவரும் இல்லை, சாமிதான் என்றாள். யதுர கோ, சாவி எங்கே என்று கேட்டான். பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். சேலை ஒன்று, ஒரு அலுமினியச் சட்டி, பனடோல் பக்கெட், ஒரு போத்தல் தேங்காயெண்ணெய். போத்தலை முகர்ந்து பார்த்துவிட்டுப் படியிலேயே வைத்தார்கள். அவளை ஜீப்பில் ஏற்றினார்கள்.

நவரத்தினத்தார் பின்னேரம் வந்து சேர்ந்தபோது அந்தப் போத்தல் மூன்றாம் படியில் நின்றது. சரோஜினிதேவி கதையை முடிக்குமுன்னே அவர் படியிறங்கத் தொடங்கிவிட்டார். திறப்புக் கோர்வை கிலுகிலுத்தது, ஆனால் அது ஒழுங்கை முனைக்குக்கூடக் கேட்டிராது. பொலிஸ் நிலையத்துக்கு ஓடினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே ஓடினார். தான்தான் பதிந்தவர், திறப்பு தன்னிடம்தான் இருக்கிறது, அவள் அந்த வீட்டு ஆள் என்று அவருக்குத் தெரிந்த அத்தனை சிங்களத்திலும் சொன்னார். மேசையிலிருந்தவன் திறப்பை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அன்றைக்குப் பிடித்தவர்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், விடியட்டும் என்றான். விடிந்தபோது கொழும்பில் தங்கச் சரியான காரணம் இல்லாதவர்கள் என்று கொட்டாஞ்சேனை லொட்ஜுகளிலிருந்து இறக்கிய சனத்தோடு சேர்த்து அவளும் வடக்கே போகும் பஸ் ஒன்றில் போயிருந்தாள். எந்த பஸ், எங்கே இறக்கினார்கள் என்று கேட்க எந்தக் கந்தோரிலும் ஒரு ஜன்னல் திறந்திருக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் மூவரும் அலவியின் கடையில் கூடினார்கள். கொட்டாஞ்சேனையின் சிவப்பு வரிகளை ஐறீன் ஒவ்வொன்றாக வாசித்தாள். இவர் இல்லை, இவ இல்லை, இவங்க குடும்பமே இல்லை. லொட்ஜுகள் காலி, விறாந்தை காலி. ஆளில்லாத வரிகளை அழித்துவிட்டு அலவி கோட்டைக் கீறினார். அது தரையில் போய் ஒட்டிக்கொண்டது. அவர்கள் பாடுபட்டு இறக்கியதைவிட பஸ்கள் ஒரே விடியலில் இறக்கியது கூட. வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து பாராட்டிக் கடிதம் வந்திருக்கிறது என்று அலவி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். யாரும் அதை வாங்கி வாசிக்கவில்லை. நவரத்தினத்தாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவரே கட்டிவிட்ட எந்தக் கதையிலும் இவ்வளவு பெரிய பொய் இருந்ததில்லை.

“பாக்கியலெட்சுமிட வரியை என்ன செய்யுற?” என்று அலவி கேட்டார். “பச்சையாவே இருக்கு.”

“சிவப்பாக்கும்.”

“ஆள் கொழும்புலயே இல்லையே அங்கிள். இது கொழும்புப் பட்டியல். அழிச்சிடுவோமா?”

“அழிக்கப்படாது.” நவரத்தினத்தார் எழுந்து நின்றார். “அவ அந்த வீட்டில ஒரு ராத்திரியும் படுத்தவ இல்லை. நான் திறப்புக் குடுக்கேல்லை. சிவப்பாக்கும் தம்பி. சிவப்பெண்டால்தான் ஆரும் தேடுவினம்.”

அலவி அவரை நிமிர்ந்து பார்த்தார். ஐறீன் பார்க்கவில்லை. அவளுக்கு எப்போதோ விளங்கியிருந்தது. அலவி மற்ற விலாசக்காரரின் வரிகளையும் கேட்டுக் கேட்டுச் சிவப்பாக்கினார். அழகுமுத்து, வவுனியாப் புருஷன் பெண்சாதி, ஒவ்வொருவராக. அவர்களில் இருவரைத்தான் ஐறீனால் பிறகு கண்டுபிடிக்க முடிந்தது. டொக்டரைக் கேட்காமலே நவரத்தினத்தார் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அருந்ததியின் திறப்பைக் கோர்வையிலிருந்து கழற்றி ஐறீனின் குசினிச் சுவரில், அகப்பை தொங்கும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். பாக்கியலெட்சுமி திரும்பி வந்தால் முதலில் இங்கேதான் வருவாள் என்றார். ஐறீன் வவுனியாச் சேர்ச்சுக்குப் போன் எடுத்தாள், மன்னாருக்கும் எடுத்தாள். பஸ்களில் போன சிலர் பிறகு திரும்பி வந்தார்கள். அவள் வரவில்லை.

திறப்பு இல்லாதபடியால் அடுத்த வெள்ளி அருந்ததியின் வீட்டில் விளக்கில்லை. ராத்திரியே ரொறன்ரோவிலிருந்து போன் வந்தது. சரோஜினிதேவி எல்லாம் சொல்லிவிட்டாள். சாமியை இருட்டில் விட்டதற்கு முதலில் ஏச்சு. பிறகு அருந்ததி குரலைத் தாழ்த்தினாள்.

“வாசலில ஒரு மனுசி வந்து இருந்தவவாம். ஆர் அத்தான் அது? உங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ?”

“தெரியும்,” என்றார் நவரத்தினத்தார். “பாக்கியலெட்சுமி. உம்மட வீட்டிலதான் பதிஞ்சு கிடக்கிறா.”

திறப்பை நாளைக்கே சரோஜினிதேவியிடம் கொடுத்துவிடும்படி அருந்ததி சொன்னாள்.

“திறப்பு என்னட்டை இல்லை.”

இன்னுமொரு பொய் என்றுதான் அருந்ததி நினைத்தாள். அவர் மறுத்துச் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனைக் குசினியில் அகப்பைக்குப் பக்கத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்புப் புகையில் கறுக்கத் தொடங்கியிருந்தது. கீழே மேசையில், அவர் அந்தப் படியிலிருந்து எடுத்துவந்த தேங்காயெண்ணெய்ப் போத்தல் ஒரு துளியும் குறையாமல் நின்றது.